பெண்பிள்ளைகளுக்குப் பயிற்றுநர் யார்?

2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் பங்குபற்றியோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். அவர்களுடன் சென்ற பயிற்றுநர்களிலோ நூற்றுக்குப் 13 பேர் மட்டுமே பெண்கள். 2024இல் பாரிஸில் போட்டியாளருக்கான இடங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பகிரப்பட்டன. பயிற்றுநர் நிலை மட்டும் அதிகம் மாறவில்லை.

ஒலிம்பிக் எங்கே, எமது கிராமம் எங்கே என்று வாசகர் கேட்கலாம். மகள் விளையாடப் போகிறேன் என்றதும் எந்தத் தாயும் முதலில் கேட்பது, "ஆர் கூட்டிக்கொண்டு போறது? எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய்?" என்பதைத்தான். மைதானத்தில் நம்பிக்கைக்குரிய ஒரு பெண் நின்றால் அக்கேள்விக்கு அரைவாசிப் பதில் கிடைத்துவிடும்.

பயிற்றுநரை உருவாக்கும் சர்வதேசப் பாடநெறிகள் புதியவை அல்ல. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 1964 முதல் வளர்முக நாடுகளின் பயிற்றுநர்களுக்குக் கற்பிக்கப்பட்டு வருகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழுவும் புலமைப்பரிசில் வழங்குகின்றது. பெண் பயிற்றுநர்களுக்கென்றே இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து தனித் திட்டமொன்றையும் தொடங்கியது. நல்ல காரியந்தான். ஆனால் கைக்குழந்தையை விட்டு மாதக்கணக்கில் எந்தத் தாய் போவாள்? பின்தங்கிய பாடசாலை ஆசிரியைக்கு அவ்வளவு விடுமுறை யார் கொடுப்பார்? பிறமொழியில் விரிவுரை கேட்கும் தேர்ச்சியும் வேண்டும். இவற்றையெல்லாம் கடந்து செல்லக்கூடியவர் பெரும்பாலும் தலைநகரில் இருப்பவரே.

கென்யாவின் கரையோரத்தில், மொம்பாசாவுக்கு வடக்கேயுள்ள கிலிஃபிப் பகுதி வேறொரு வழியைக் காட்டுகிறது. தண்ணீர் அள்ளல், விறகு பொறுக்கல், தம்பி தங்கையரைப் பார்த்தல் ஆகியன அங்கும் பெண்பிள்ளைகளின் பொறுப்பு. இளவயதுக் கர்ப்பத்தால் படிப்பை இடைநிறுத்துவோரும் உண்டு. 2001 அளவில் சேரா ஃபோர்ட் என்ற பிரித்தானியப் பெண் அங்கே பெண்பிள்ளைகளுக்கான உதைபந்தாட்டத்தைத் தொடக்கினார். 'மூவிங் த கோல்போஸ்ட்ஸ்' என்பது அமைப்பின் பெயர். கோல் கம்பத்தை நகர்த்துதல் என்று பொருள். பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் தாமே எந்நாளும் விசில் ஊதிக்கொண்டு நிற்கவில்லை. விளையாட வந்த பிள்ளைகளே பயிற்றுநராக, நடுவராக, முதலுதவியாளராக, குழு நிர்வாகிகளாகப் பயிற்றப்பட்டனர். நேற்றுப் பந்தைத் துரத்தியவள் இன்று இளையோருக்குக் கற்பிக்கிறாள். வயது அதிகம் வித்தியாசப்படாததால் மாதவிடாய் பற்றியும், தொல்லை தரும் ஆண்கள் பற்றியும் பிள்ளைகள் அவளிடம் மனந்திறந்து பேசுகின்றனர். துவைத்துப் பாவிக்கக்கூடிய துணிகளும் வழங்கப்பட்டன. மாதத்தில் சில நாட்கள் மைதானத்துக்கும் பள்ளிக்கும் வராமல் நிற்பதற்கு இதுவே காரணமென்பதை ஆண் பயிற்றுநர் ஒருவர் கண்டுபிடிக்க எத்தனை காலம் சென்றிருக்கும்!

எம் நாட்டில் திறமைக்குக் குறைவில்லை. 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் ஆடினார். அவுஸ்திரேலியக் கழகங்களுக்கும் விளையாடினார். அத்தகைய பிள்ளையை முதலில் இனங்காண்பவர் தேசியப் பயிற்றுநர் அல்லர். பாடசாலை முடிந்தபின் வெயிலில் நிற்கும் கிராமத்து ஆசிரியையே.

ஆகவே பயிற்சிக்கு ஆள் அனுப்பும் எந்த நிறுவனமும் ஒரு நிபந்தனை விதிக்கலாம். திரும்பி வருபவர் ஓராண்டுக்குள் பத்துக் கிராமப் பெண்களுக்குத் தாய்மொழியில், வார இறுதிகளில், அவர்கள் பிள்ளைகளையும் கூட்டிவரக்கூடிய இடத்தில் கற்பிக்க வேண்டும். பங்குகளிலும் செய்யக்கூடியது உண்டு. ஞாயிறு பின்னேரம் கோவில் வளவு மைதானம் பையன்களுக்கே என்ற எழுதாச் சட்டம் பல இடங்களில் உள்ளது. நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை அதைப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்கி, உடைமாற்ற மறைவறைப் பள்ளி அறையின் திறப்பையும் அவர்களுடைய பயிற்றுநரிடம் கொடுத்துவிடலாம்.