பிறநாட்டில் உளவியல் முதுமாணிக் கல்வி: விண்ணப்பிப்போர் அறியவேண்டுவன

உளவியல் நெடுங்காலமாகத் தத்துவ சாத்திரத்தின் ஒரு கிளையாகவே பயிலப்பட்டு வந்தது. உள்ளம் யாது, உணர்வு யாது, அறிவு எவ்வாறு தோன்றுகின்றது என்னும் வினாக்களை மேலைநாட்டாரும் கீழைநாட்டாரும் சிந்தனை ஒன்றினாலேயே ஆராய்ந்தனர். அவ்வினாக்களை ஆய்வுகூடத்துட் கொண்டுவந்து, அளந்தறியும் முறையை நிலைபெறச் செய்தவர் வில்கெல்ம் வூண்ட் என்னும் ஜேர்மானியப் பேராசிரியர். 1879 ஆம் ஆண்டில் இலைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய ஆய்வுகூடமே இத்துறையின் பிறப்பிடம் எனப் பலரும் கொள்வர்.

அவ்வாய்வுகூடத்தின் வரலாற்றில் ஒரு செய்தி கருதத்தக்கது. அங்கே பயின்றோருட் பலர் பிறநாட்டினர். அமெரிக்கரான யேம்ஸ் கற்றெல் 1886 இல் அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆங்கிலேயரான எட்வேட் றிச்சனர் ஒக்ஸ்போட்டிலே கற்றபின் இலைப்சிக் சென்று, 1892 இல் பட்டம் பெற்று, அமெரிக்காவிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். வூண்டின் மாணவரான மூன்ஸ்ரர்பேர்க் ஹாவாட்டிலே கற்பித்தார். அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா, 1916 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பரிசோதனை உளவியற் பகுதிக்குத் தலைமை தாங்கினார். எனவே, உளவியல் கற்கக் கடல் கடந்து செல்லுதல் புதுவதன்று; அத்துறையின் வயதே அவ்வழக்கத்திற்கும் வயது எனலாம்.

எனினும், அக்காலத்து மாணவன் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, அவர் இசைந்தாற் சென்று சேர்ந்தான். இக்காலத்து மாணவனோ பட்டச் சான்றிதழ், பெறுபேற்று விபரம், மொழித் தேர்ச்சிச் சான்று, நோக்கக் கடிதம், சிபாரிசுக் கடிதம், பணவசதிச் சான்று எனப் பல பத்திரங்களைத் திரட்டி, அவற்றைக் குறித்த நாளுக்குமுன் அனுப்புதல் வேண்டும். ஆளைக் காணாது பத்திரங்களைக் கண்டே தெரிவு செய்கின்றனர். ஆதலால் அப்பத்திரங்கள் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதை அறியாதவன், தகுதி உடையவனாயினும் பின்தள்ளப்படுவான்.

முதற்கண் ஐரோப்பியப் பட்டங்களின் அமைப்பை விளங்கிக்கொள்ளல் நன்று. 1999 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் இத்தாலியின் பொலோஞா நகரிற் கூடி ஒரு பிரகடனத்திற் கைச்சாத்திட்டனர். அதன் பயனாக இளமாணி, முதுமாணி என்னும் படிமுறை ஐரோப்பாவிற் பரவியது. கல்வியின் அளவைக் குறிக்க ஐரோப்பியப் பாடவலகு என்னும் பொது அளவை வழக்குக்கு வந்தது. முழுநேர மாணவனின் ஓராண்டுக் கல்வி 60 பாடவலகு ஆகும். ஒரு பாடவலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். விரிவுரையில் இருக்கும் நேரம் மட்டுமன்று, நூலகத்திலும் வீட்டிலும் படிக்கும் நேரமும் அதனுள் அடங்கும். இளமாணிப் பட்டம் 180 அல்லது 240 பாடவலகும், முதுமாணிப் பட்டம் பெரும்பாலும் 60 முதல் 120 வரையான பாடவலகும் உடையன.

இலங்கையின் தேசியத் தகைமைச் சட்டகத்தில் ஒரு பாடவலகு 50 மணி நேர உழைப்பைக் குறிக்கும். ஓராண்டிற்கு 30 பாடவலகு. இரண்டையும் ஒப்புநோக்கின், இலங்கையில் ஓராண்டிற்கு 1500 மணி. ஐரோப்பாவில் 60 பாடவலகை 25 ஆற் பெருக்கினும் அதே 1500 மணி. எனவே இலங்கைப் பாடவலகு ஒன்று ஐரோப்பியப் பாடவலகு இரண்டிற்கு ஏறத்தாழச் சமன். மூன்றாண்டுப் பட்டத்தின் 90 பாடவலகு அங்கே 180 ஆகும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தின் 120 பாடவலகு 240 ஆகும். இக்கணக்கை அறியாத மாணவர் சிலர், தம் பெறுபேற்றில் 90 என்னும் எண்ணைக் கண்டு, வேண்டிய அளவிற் பாதியே தமக்கு உண்டென மயங்கி, விண்ணப்பியாது விட்டுவிடுதலும் கூடும். இறுதி முடிபு அப்பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளதேனும், கணக்கை விளக்கும் பத்திரம் ஒன்றைத் தம் பல்கலைக்கழகத்திடம் பெற்று இணைத்தல் விண்ணப்பதாரியின் கடமை.

மொத்தப் பாடவலகு போதுமாயினும், அதனுள் யாவை அடங்கியுள என்பதே அடுத்த வினா. உளவியல் முதுமாணிக்கு இடங்கேட்போர் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. பல பல்கலைக்கழகங்கள் உளவியலில் இத்துணை, புள்ளிவிபரவியலிலும் ஆய்வுமுறையிலும் இத்துணை எனத் தனித்தனியே வரையறுத்துள்ளன. சான்றாக, ஒரு பல்கலைக்கழகம் ஆய்வுமுறைக்கு 20 ஐரோப்பியப் பாடவலகு கேட்கின்றது எனக் கொள்வோமாயின், இலங்கைப் பட்டதாரி 10 பாடவலகு காட்டல் வேண்டும். கலைப்பீடத்து மாணவர் பலர் புள்ளிவிபரவியலைக் கணிதம் என்று அஞ்சி ஒதுக்குகின்றனர். இரண்டாம் ஆண்டில் ஒதுக்கிய ஒரு பாடம் ஐந்தாண்டின் பின் ஒரு கதவை அடைத்துவிடும் என்பதை அப்போது அவர்க்கு எடுத்துச் சொல்வார் இலர். ஆசிரியர்கள் இதனை மனங்கொள்ளல் தகும்.

உளவியலை முதற் பட்டத்தில் முறையாகக் கல்லாதவர்க்கும் ஒரு வழி உண்டு. பிரித்தானியாவில் பிற துறைப் பட்டதாரிகளுக்கென அமைந்த மாற்று முதுமாணிப் பாடநெறிகள் உள. பிரித்தானிய உளவியற் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பாடநெறியாயின், அதனை உரிய தரத்திற் சித்தியெய்தியவர் அத்துறையில் மேலே கற்பதற்கான அடிப்படைத் தகைமையைப் பெறுவர். தத்துவமோ கல்வியியலோ கற்றவர்க்கு இது பொருத்தமானது. அங்கீகாரம் இல்லாத பாடநெறியால் அப்பயன் கிட்டாது. பாடநெறியின் பெயரை மட்டும் நோக்காது, அங்கீகாரம் உண்டா என்று நோக்குதல் வேண்டும்.

முதுமாணிப் பாடநெறிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஒல்லாந்தில் ஓராண்டு முதுமாணி 60 பாடவலகும், ஆராய்ச்சி முதுமாணி இரண்டாண்டில் 120 பாடவலகும் உடையன. பின்னையது கலாநிதிப் பட்ட ஆய்வை நோக்கிச் செல்வோர்க்கு உரியது. 2004 இல் தொடங்கப்பெற்ற எறாஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடிப் பாடநெறி அமைக்கின்றன. வலென்சியா, பார்சிலோனா, பொலோஞா, கோயிம்பிரா ஆகியன இணைந்து தொழில், நிறுவன உளவியலில் அத்தகைய பாடநெறி ஒன்றை அமைத்தன. இத்திட்டத்தில் ஒரு நாட்டிலன்றி இரு நாடுகளிலேனும் கற்றல் விதி. புலமைப்பரிசில் பெறுவோர்க்கு 2021 ஆம் ஆண்டிற் தொடங்கிய காலப்பகுதியில் மாதம் 1400 யூரோ வீதம், மிகக்கூடியது 24 மாதங்களுக்கு வழங்கப்படுகின்றது. போட்டி மிகக் கடியதாயினும், வறிய மாணவன் நம்பியிருக்கத்தக்க வழிகளுள் இது தலையாயது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைக் கூறுதல் வேண்டும். இத்துறையை நாடும் இளைஞருட் பெரும்பாலோர் நோயுற்ற உள்ளங்களைத் தேற்றும் சிகிச்சைப் பணியை விரும்பியே வருகின்றனர். உளவியல் முதுமாணி பெற்றால் உளநோய்ச் சிகிச்சையாளராகலாம் என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது. பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு.

ஜேர்மனியில் 2020 ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உளச்சிகிச்சையாளராக அனுமதி பெறுவதற்கு இளமாணியும் முதுமாணியும் ஆகிய இரண்டும் சட்டம் வகுத்த பாடங்களை உடையனவாதல் வேண்டும். பின்னர் அரச பரீட்சையிலும் சித்தியெய்தல் வேண்டும். ஒல்லாந்திற் சுகாதார உளவியலாளராகப் பதிவு பெற, முதுமாணியின் பின்னும் ஈராண்டுப் பயிற்சி தேவை. பிரித்தானியாவில் 2009 ஆம் ஆண்டு முதல் சிகிச்சை உளவியலாளர் என்னும் பெயரே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. கலாநிதித் தரத்துப் பயிற்சி முடித்துப் பதிவு பெற்றவரே அப்பெயரைத் தாங்கலாம். ஐரோப்பிய உளவியற் சங்கங்கள் வகுத்த பொதுச் சான்றிதழுக்கும் ஐந்தாண்டுக் கல்வியும் அதன்மேல் ஓராண்டு மேற்பார்வைப் பயிற்சியும் வேண்டப்படுகின்றன.

இதற்குக் காரணம் வெறும் சட்டக் கெடுபிடியன்று. உளநோய்ச் சிகிச்சைக்குக் கருவியாவது மொழியே. நோயாளியின் சொல்லையும், சொல்லாது விட்டதையும், சொல்லுமிடத்துக் குரல் தளர்வதையும் உணரவல்லவனே அவனுக்கு உதவ முடியும். ஆங்கிலத்திற் கற்று, ஜேர்மன் மொழி பேசும் நோயாளியின் முன் அமர்ந்தால் யாது பயன்? ஆங்கிலமூலம் நடாத்தப்படும் சர்வதேச முதுமாணிகள் பெரும்பாலும் ஆராய்ச்சியையோ நிறுவன, சமூக உளவியலையோ சார்ந்திருப்பது இதனாலேயே. ஆகவே, ஒருவன் விண்ணப்பத்தை எழுதுமுன், "கற்று முடித்தபின் எந்த நாட்டில், எந்த மொழியில், யாருக்குப் பணிசெய்ய விரும்புகின்றேன்?" என்று தன்னைத் தானே வினவுதல் வேண்டும். தாய்நாட்டில் என்பது விடையாயின், அந்நாட்டுப் பதிவுச் சபை எப்பட்டத்தை ஏற்கும் என்பதை எழுத்தில் அறிந்தபின்னரே புறப்படுதல் வேண்டும். காணியை ஈடுவைத்து மகனையோ மகளையோ அனுப்பிய பெற்றோர், ஈராண்டு கழித்து, பெற்ற பட்டத்தாற் சிகிச்சை செய்ய இயலாது என்று கேட்பது கொடிது. விண்ணப்பிக்கும் முன் எழுதும் ஒரு கடிதம் அத்துன்பத்தைத் தடுக்கும்.

பத்திரங்களுள் பெறுபேற்றுப் புள்ளி மாற்றம் பலர்க்கு விளங்காதது. ஜேர்மனியில் 1 அதிசிறந்த புள்ளி. 4 குறைந்த சித்தி. பிறநாட்டுப் புள்ளியை மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. உச்சப் புள்ளியிலிருந்து பெற்ற புள்ளியைக் கழித்து, அதனை உச்சத்துக்கும் குறைந்த சித்திக்கும் உள்ள வித்தியாசத்தாற் பிரித்து, மூன்றாற் பெருக்கி, ஒன்றைக் கூட்டுதல் வேண்டும். உச்சம் 4.0, குறைந்த சித்தி 2.0, மாணவன் பெற்றது 3.2 எனின், 0.8 ஐ 2.0 ஆற் பிரிக்க 0.4, மூன்றாற் பெருக்க 1.2, ஒன்றைக் கூட்ட 2.2. இம்மாணவன் 2.5 வரை ஏற்கும் பாடநெறிக்கு விண்ணப்பிக்கலாம், 2.0 கேட்கும் பாடநெறிக்குக் கட்டணம் செலுத்துதல் வீண்செலவு.

நோக்கக் கடிதத்தில் மாணவர் பலர் தம் சிறுவயது ஆசைகளையும், உளவியலின் பெருமையையும் எழுதுகின்றனர். தெரிவாளர் அவற்றைப் பலமுறை படித்தவர். அவர் அறிய விரும்புவன மூன்று: விண்ணப்பதாரி எந்த வினாவை ஆராய விழைகின்றான்; அதற்கு இதுவரை யாது கற்றான், யாது செய்தான்; அந்தப் பல்கலைக்கழகத்தை ஏன் தெரிந்தான். "மனநலத்தில் ஆர்வம் உண்டு" என்பதிலும், "இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளின் நித்திரைக் குறைவும் கவனக்குறைவும் எவ்வாறு தொடர்புற்றன என்பதை என் இறுதியாண்டு ஆய்வில் வினாக்கொத்தால் அளந்தேன்" என்பது ஆயிரம் மடங்கு வலிமையுடையது. சிபாரிசுக் கடிதம் எழுதும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். "நல்லொழுக்கமுடையவர், கீழ்ப்படிவுள்ளவர்" என்னும் வாசகம் நம் பாடசாலை நற்சான்றுக்கு ஏற்றது; ஆனால் அங்கே பயன்படாது. மாணவன் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டு, அதனை அவன் எவ்வாறு செய்தான், வகுப்பில் எந்நிலையில் நின்றான் என்பதை எழுதுவதே உண்மையான உதவி.

செலவையும் காலத்தையும் முன்னரே கணித்தல் வேண்டும். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்பித்தற் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்குப் புறம்பான மாணவரிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ அறவிடுகின்றது. கட்டணம் இல்லையென்பது செலவில்லையென்பதாகாது. வீசா பெறுவதற்கு ஓராண்டுச் சீவியத்திற்கான பணத்தை முடக்கப்பட்ட கணக்கில் வைப்பிடல் வேண்டும். 2024 இல் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மொழித் தேர்ச்சிக்கான ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு ஈராண்டுக்கே செல்லும். பல இடங்களில் 6.5 அல்லது 7.0 வேண்டப்படும். எறாஸ்மஸ் முண்டுஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் ஏற்கப்பட்டு, பாடநெறி அடுத்த ஆவணி புரட்டாதியில் தொடங்கும். ஆகவே புறப்பட எண்ணும் நாளுக்கு ஒன்றரை ஆண்டு முன்னரேனும் ஆயத்தம் தொடங்குதல் அறிவுடைமை.

மூன்று தசாப்தப் போரும் 2004 ஆம் ஆண்டின் கடற்கோளும் வடகிழக்கு மக்களின் உள்ளத்தில் விட்டுச்சென்ற வடு ஆழமானது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் வடுவைத் தமிழிலேயே விளக்க முற்பட்டு 'மனவடு' என்னும் நூலை இயற்றினார். அப்பணி தொடர்தல் வேண்டும். அதற்கு அறிவு எந்நாட்டிலிருந்து வரினும் ஏற்கத்தக்கதே. ஆனால் அவ்வறிவைத் தேடிச் செல்பவர் தாம் எதைத் தேடுகின்றார், அதை எங்கே பெறலாம், பெற்றபின் அதனால் எதைச் செய்ய இயலும் என்னும் மூன்றையும் தெளிந்து செல்லுதல் வேண்டும். தெளிந்து சென்றவரே பயனோடு மீள்வர்.