4 வருஷம் தள்ளி விளையும் பயிர்: டைடல் பார்க்கை பார்த்து சீட் எடுக்கலாமா?

திருவான்மியூர்:

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் திருவான்மியூர் வீடுகளில் முதல் கேள்வி, "கட்-ஆப் எவ்வளவு?" அடுத்த கேள்வி, "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?"

கேட்பதில் தப்பில்லை. பறக்கும் ரெயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே டைடல் பார்க். கழுத்தில் ஐ.டி. கார்டோடு போகிற கூட்டத்தை தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு என்ன தோன்றும்?

ஆனால் சீட் எடுப்பது இன்றைய நிலவரத்தை பார்த்து. வேலை கேட்டு நிற்பதோ 4 வருஷம் கழித்து. சிக்கலே அங்கேதான்.

தக்காளி கணக்கு

கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறினால் விவசாயிகள் எல்லோரும் தக்காளி போடுவார்கள். 3 மாதம் கழித்து எல்லா வண்டியும் ஒன்றாக வந்து சேரும். விலை படுத்துவிடும். வெறுத்துப்போய் அடுத்த போகம் யாரும் போடமாட்டார்கள். மறுபடி விலை ஏறும்.

என்ஜினீயர்களுக்கும் இதே கதைதான் என்று அமெரிக்க பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் ப்ரீமேன் 1976-லேயே எழுதினார். சம்பளம் ஏறும்போது மாணவர்கள் குவிகிறார்கள். அவர்கள் படித்து முடித்து வெளியே வரும்போது சம்பளம் இறங்குகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் சிலந்தி வலை.

நம்ம ஊரிலும் நடந்தது

டைடல் பார்க் 2000-ம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அன்றைய பிரதமர் வாஜ்பாய். அதற்கு 4 மாதம் முன்புதான் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை உச்சத்தை தொட்டு சரிய ஆரம்பித்திருந்தது.

அந்த சரிவில் இருந்து மீண்ட பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி கட்டிடங்கள் வரிசையாக எழுந்தன. திருவான்மியூர் பகுதியில் வீட்டு வாடகை எகிறியது. 2007-ல் என்ஜினீயரிங் நுழைவுத்தேர்வும் இல்லாமல் போனது. பிளஸ்-2 மார்க்கே போதும் என்றானது. தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் கல்லூரிகள் 500-ஐ தாண்டிப் பெருகின.

2004-ல் ஆசை ஆசையாக சேர்ந்தவர்கள் 2008-ல் படிப்பை முடித்தார்கள். அந்த செப்டம்பர் 15-ந் தேதி நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. சாப்ட்வேர் கம்பெனிகளின் பெரிய வாடிக்கையாளர்களே அமெரிக்க வங்கிகள்தான். ஆபர் லெட்டர் கையில் இருந்தும், சேரும் தேதி தள்ளிக்கொண்டே போய் வீட்டில் காத்திருந்தவர்கள் ஏராளம்.

தலைகீழாகவும் நடந்தது. 2017-ல் ஐ.டி.யில் ஆட்குறைப்பு என்ற பேச்சு பலமாக இருந்தது. கவுன்சிலிங்கில் ஏகப்பட்ட இடங்கள் காலி. "இனிமேல் என்ஜினீயரிங் அவ்வளவுதான்" என்றார்கள். அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் 2021-ல் வெளியே வந்தபோது கொரோனாவால் உலகமே ஆன்லைனுக்கு மாறியிருந்தது. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் 1 லட்சம் புதியவர்களை எடுத்தது. மெக்கானிக்கல், சிவில் படித்தவர்களுக்கும் ஐ.டி.யில் இடம் கிடைத்தது.

அதை பார்த்து கம்ப்யூட்டர் சயின்சுக்கு மறுபடி அடிதடி. விளைவு? 2023-24-ல் அதே டி.சி.எஸ்.சில் ஊழியர் எண்ணிக்கை 13 ஆயிரத்துக்கு மேல் குறைந்தது. 2025 ஜூலையில் மேலும் சுமார் 12 ஆயிரம் பேரை குறைக்கப்போவதாக அறிவித்தது. இவர்களில் பெரும்பாலானோர் நடு, மேல்மட்ட பொறுப்பில் இருந்தவர்கள். 2021-ல் சேர்ந்த பிள்ளைகள் படிப்பை முடித்ததும் அந்த ஆண்டுதான்.

இதற்கிடையே, ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கேட்கிற பிரிவில் கல்லூரிகள் இடத்தை கூட்டிக்கொள்ளலாம். தக்காளிக்கு நிலம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கடன் காத்திருக்காது

வசதியான வீட்டுக்கு ஒரு வருஷம் சும்மா இருப்பது பெரிய விஷயமில்லை. கல்விக்கடன் வாங்கிய வீட்டில் அப்படி இல்லை. பொதுவாக படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் மந்தம் என்று வங்கியில் சொல்ல முடியாது.

அதற்காக கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்று இல்லை. கணக்கிலும் புரோகிராமிலும் பிள்ளைக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்தால் மந்தமான வருஷத்திலும் தாக்குப்பிடிக்கலாம். பக்கத்து வீட்டு பையனின் சம்பளத்தை மட்டும் பார்த்து எடுப்பதுதான் ஆபத்து.

கல்லூரிக்கு போகும் பெற்றோர், வாசலில் தொங்கும் பேனரை பார்த்து திருப்தி அடையாமல், அந்த குறிப்பிட்ட பிரிவில் கடந்த 5 வருஷமும் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று வருஷ வாரியாக கேட்க வேண்டும். ஒரே மாணவர் வாங்கிய 3 ஆபரை 3 வேலையாக எண்ணியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்து கேட்டுவிடுவது நல்லது.