துவிச்சக்கரவண்டியின் பின்விளக்கு

‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்பது நாட்டு வழக்கிலுள்ள பழமொழி. பிறர் குறையைக் காண்பவன் தன் குறையைக் காணான் என்னும் கருத்திலே அது வழங்கப்படுவதாயினும், இரவிலே துவிச்சக்கரவண்டி செலுத்துபவனைப் பொறுத்தவரை அது சொல்லுக்குச் சொல் உண்மையாகின்றது. முன்விளக்கு அணைந்துவிடின் அவன் அக்கணமே அறிவான். ஏனெனில் பாதை இருண்டுவிடும். பின்விளக்கு அணைந்துவிடினோ அவனுக்கு யாதொரு வேறுபாடும் புலனாவதில்லை. அவன் முன்போலவே மிதித்துச் செல்வான். ஆனால் பின்னால் விரைந்துவரும் பாரவூர்திச் சாரதியின் கண்ணுக்கு அவன் இல்லாதவனாகிவிடுகின்றான். முன்விளக்கு காண்பதற்கு உதவுவது. பின்விளக்கு காணப்படுவதற்கு உதவுவது. உடையவன் காணாத இவ்விளக்கு உடையவன் உயிரையே காப்பதாதலின், அதனைத் தேர்ந்தெடுத்தலும், பொருத்துதலும், பேணுதலும் முன்விளக்கினும் மிக்க கவனத்தோடு செய்யற்பாலன.

மன்னார் மாவட்டத்தின் வீதிகளை அறிந்தோர்க்கு இதன் இன்றியமையாமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே மடுச் சந்தியில் வடக்கே பிரியும் வீதி, இருமருங்கும் காடு செறிய மருதமடு மாதா திருத்தலத்தைச் சென்றடைகின்றது. ஆவணி மாதம் 15ஆம் திகதித் திருவிழாவை ஒட்டி யாத்திரிகர் இவ்வழியே திரளாகச் செல்வர். மாந்தையிலுள்ள திருக்கேதீச்சரத்திற்கு மகா சிவராத்திரியன்று அடியார் இரவு முழுவதும் வந்துகொண்டிருப்பர். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியிலோ காற்றைத் தடுக்க ஒரு மரமுமில்லை. 1990இல் போரினால் தகர்ந்த பாலத்துக்கு ஈடாக 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழியே ஊர்திகள் விரைந்து செல்கின்றன. சோளகம் வீசும் மாதங்களில் பக்கக் காற்று துவிச்சக்கரவண்டியைத் தெருவின் நடுப்பக்கம் தள்ளுவதும் உண்டு. திருவிழா நாட்களில் மட்டுமன்று, நாள்தோறும் பொழுதுபட்டபின் தனியார் வகுப்பிலிருந்து திரும்பும் மாணவரும், விடியுமுன் மீன்பெட்டியோடு புறப்படும் வியாபாரியும், வேலை முடித்து வீடேகும் தொழிலாளியும் இத்தெருக்களில் துவிச்சக்கரவண்டியையே நம்பியுள்ளனர்.

பின்விளக்கு இல்லாதவிடத்து நேரும் அபாயத்தைக் கணக்கினாலே அளந்து காணலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஊர்தி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கின்றது. சாரதி ஒன்றைக் கண்டு, உணர்ந்து, தடுப்பை மிதிக்க ஒன்றரைச் செக்கன் செல்லுமாயின் அதற்குள் 25 மீற்றர் கழிந்துவிடும். பின்னர் உலர்ந்த நல்ல தெருவிலே ஊர்தி நிற்பதற்கு மேலும் 20 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீற்றர். வேகம் 80 கிலோமீற்றராயின் இத்தூரம் ஏறத்தாழ 70 மீற்றராக உயரும். மழை பெய்து தெரு நனைந்திருப்பின் இன்னும் கூடும். தாழ்த்திய முன்விளக்கின் ஒளியிலே கருநிற உடையணிந்த ஒருவர் தென்படும் தூரமோ பெரும்பாலும் 50 மீற்றர் அளவினதே. எனவே 80 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர், விளக்கற்ற வண்டியைக் கண்டபின் நிறுத்த முயன்றாலும் நிறுத்த இயலாது. அங்கே குற்றம் சாரதியின் கண்ணிலுமில்லை, கையிலுமில்லை. காணக்கூடிய அடையாளம் முன்கூட்டியே கிடைக்காமையிலுள்ளது. நூற்றுக்கணக்கான மீற்றர் தூரத்திலேயே தென்படும் ஒரு செவ்வொளி இக்குறையை நீக்கிவிடுகின்றது.

முற்காலத்திலே இவ்வேலையைச் செய்தது தைனமோ எனப்படும் சிறு மின்பிறப்பாக்கி. சில்லின் பக்கத்தோடு உராய்ந்து சுழலும் இக்கருவி 6 உவோற்று அழுத்தத்தில் 3 உவாற்று மின்வலுவைத் தந்தது, அதில் 2.4 உவாற்று முன்விளக்குக்கும், எஞ்சிய 0.6 உவாற்று பின்விளக்குக்கும் சென்றன. வடபகுதி மக்களுக்குத் தைனமோ விளக்கெரிக்கும் பொருளாக மட்டும் அமையவில்லை. 1990களிலே மின்சாரம் அற்றுப்போய், மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்த காலத்தில், துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்து மிதித்துத் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் உள்ளது. எனினும் விளக்கென்ற வகையில் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. சில்லு சுழலும்வரையே அது எரியும். சந்தியிலே வலப்புறம் திரும்புவதற்காக ஓட்டுபவன் காலூன்றி நிற்கும் வேளையில், பாதுகாப்பு மிகவும் வேண்டப்படும் அக்கணத்தில், விளக்கு அணைந்துவிடும்.

இன்று கடைகளிற் கிடைக்கும் மீள மின்னேற்றத்தக்க பின்விளக்கு இக்குறையைத் தீர்ப்பது. இதனுள்ளே இரண்டு கண்டுபிடிப்புகள் இணைந்துள்ளன. ஒன்று ஒளிகாலும் இருவாயி, அதாவது எல்.ஈ.டி.; கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் இருவாயியை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலொனியக் ஆக்கிக் காட்டினார். பழைய குமிழ் விளக்கு வெள்ளொளியை உண்டாக்க, செந்நிறக் கண்ணாடி அதன் பெரும்பகுதியை உறிஞ்சி வீணாக்கியது. இருவாயியோ செவ்வொளியையே நேராகத் தருதலின் சிறிதளவு மின்னே அதற்குப் போதும். மற்றையது இலிதியம் அயன் கலம். 1991இல் யப்பானிய சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. இதன் ஆக்கத்திற்கு அடிகோலிய மூவருக்கு 2019இல் இரசாயனவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய விளக்கைத் தேர்ந்தெடுக்குங்கால் பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட பெரிய இலக்கங்களில் மயங்குதலாகாது. முதலில் நோக்கற்பாலது ஒளி பரவும் விதமாகும். நேர்பின்னே மட்டும் கூர்மையாக ஒளிர்ந்து பக்கங்களில் மறைந்துவிடும் விளக்கு வளைவுகளிலும் சந்திகளிலும் உதவாது. இருபக்கமும் ஓரளவு தெரியுமாறு அமைந்ததே நன்று. மிகைப்பட்ட பிரகாசமும் நன்மையன்று. பகல் வெயிலிலே தெரிவதற்கென அமைந்த ஒளி, இருண்ட காட்டுவீதியில் பின்வருவோர் கண்ணைக் கூசச்செய்து, தூரத்தை மதிப்பிட முடியாமற் செய்துவிடும். ஆதலின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய விளக்கையே தேர்தல் வேண்டும்.

இரண்டாவது, விளக்கு எத்துணை நேரம் எரியும் என்பது. பெட்டியிற் குறிக்கப்படும் நேரம் பெரும்பாலும் மங்கலாக மின்னும் நிலைக்கு உரியது. வாங்குவோர் கேட்டறிய வேண்டியது ஒரேசீராக எரியும் நிலைக்குரிய நேரத்தையே. 500 மில்லி அம்பியர் மணித்தியாலக் கொள்ளளவுடைய கலம் 100 மில்லி அம்பியர் ஓட்டத்தில் 5 மணித்தியாலம் எரியும். சில நூறு முறை மின்னேற்றியபின் கலத்தின் கொள்ளளவு குறைதல் இயல்பாதலின், வழக்கமான பயணத்துக்கு வேண்டும் நேரத்திலும் இருமடங்கு நேரம் எரிவதைத் தெரிவுசெய்தலே முறை. மின்கலம் தளருங்கால் முன்னறிவிப்பாக நிறம்மாறும் சிறுகுறி விளக்கிலிருத்தலும், திடீரென அணையாது மங்கலாகவேனும் தொடர்ந்து எரிதலும் வரவேற்கத்தக்க பண்புகள்.

மூன்றாவது, நீரையும் தூசியையும் தாங்கும் ஆற்றல். இதனை ஐ.பி. எனும் எழுத்துகளும் அவற்றைத் தொடரும் இரண்டு குறிகளும் உணர்த்தும். முதலாவது குறி தூசிக்கும், இரண்டாவது நீருக்கும் உரியன. ஐ.பி. எக்ஸ் 4 என்பது எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதாம், ஐ.பி. 67 என்பது தூசி முற்றாகப் புகாதென்பதையும், ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் பழுதுறாதென்பதையும் குறிக்கும். மாரிமழையும், கோடைத் தூசியும், கடற்கரையின் உப்புக் காற்றும் ஒருங்கே அமைந்த மன்னாருக்கு இப்பிந்திய வகையே ஏற்றது.

விளக்கு மின்னுதல் நன்றோ, ஒரேசீராக எரிதல் நன்றோ என்பது நெடுநாளாக விவாதிக்கப்படும் வினா. பிரித்தானியாவில் 2005 முதல் துவிச்சக்கரவண்டிகளில் மின்னும் விளக்கு அனுமதிக்கப்பட்டது. ஜேர்மனியிலோ அது தடைசெய்யப்பட்டுள்ளது. இரண்டிற்கும் நியாயம் உண்டு. மின்னும் ஒளி பார்ப்பவரின் கவனத்தை விரைவில் ஈர்க்கும். சீரான ஒளி வண்டி எத்துணைத் தூரத்தில், எத்திசையில் செல்கின்றதென்பதை மதிப்பிட உதவும். வேறொளி யாதுமில்லாத காட்டுவீதியிலே ஒரு செவ்வொளிப் புள்ளியும் தூரத்திலேயே தெரியுமாதலின், அங்கே சீரான ஒளியே சாலச் சிறந்தது. யாத்திரிகர் பலர் வரிசையாகச் செல்லுங்கால் மின்னும் விளக்குகள் பின்வரும் தோழரையே வருத்தும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நல்ல விளக்கும் தவறாகப் பொருத்தப்படின் பயனற்றதாகும். பெரும்பாலான விளக்குகள் ஆசனத்தண்டிலே இறப்பர்ப் பட்டியாற் கட்டுவதற்கென ஆக்கப்பட்டுள்ளன. பின்னால் ஒன்றுமில்லாத பந்தய வண்டிக்கு இது பொருந்தும். இங்குள்ள வண்டிகளுக்கோ பொருந்துவது அரிது. மீன்பெட்டி, விறகுக்கட்டு, தண்ணீர்க் கலன், புத்தகப்பை ஆகியவற்றுள் ஒன்று கரியரில் ஏறியவுடன் ஆசனத்தண்டு விளக்கு முற்றாக மறைந்துவிடும். கரியரில் ஒருவர் அமர்ந்திருப்பினும் அஃதே நிலை. ஆகவே விளக்கின் இடம் கரியரின் பின்விளிம்பு, அல்லது மட்காட்டின் பின்பகுதி. கரியரின் பின்விளிம்பிலே துளையிட்ட தகடு இல்லையாயின், துவிச்சக்கரவண்டி திருத்துபவரிடம் சிறு இரும்புத் தகடொன்றை வளைத்துப் பூட்டிக்கொள்ளலாம். உப்புக் காற்றிலே சாதாரண இரும்புத் திருகாணி விரைவிற் கறள் பிடிக்குமாதலின் கறையில் உருக்காலான திருகாணியும் சுரையும் பயன்படுத்துதல் நன்று. சுரையின் அடியிலே இறப்பர் வளையம் ஒன்றை இடின் குலுக்கத்தாற் கழன்றுவிடாது.

உயரத்தைப் பொறுத்தவரை பிரித்தானிய விதிகள் கூறும் எல்லை நிலத்திலிருந்து 35 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 150 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும் இருத்தலாம். அங்கும் இங்கும் ஊர்திகள் இடப்பக்கத்தே செல்வனவாதலின், விளக்கு வண்டியின் நடுவிலோ வலப்பக்கத்திலோ அமைதல் வேண்டுமென்னும் அவ்விதியும் இங்கே பொருந்தும்.

உயரத்தினும் முக்கியமானது சாய்வு. ஆசனத்தண்டு செங்குத்தானதன்று, அதன் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. நிலத்தோடு அது 72 பாகை கோணத்தில் அமையுமாயின், அதிற் படியக் கட்டிய விளக்கு 18 பாகை கீழ்நோக்கும். 75 சென்ரிமீற்றர் உயரத்திலுள்ள அவ்விளக்கின் ஒளிக்கற்றையினது மையம் வண்டிக்குப் பின்னால் இரண்டரை மீற்றருக்குள்ளேயே நிலத்திற் பட்டுவிடும். தெரு செந்நிறமாகத் தோன்றும். சாரதியின் கண்ணுக்கோ எஞ்சிய மங்கலொளியே எட்டும். இதனைச் சரிசெய்வதற்காகவே சில விளக்குகளோடு ஆப்பு வடிவ இறப்பர்த் துண்டு தரப்படுகின்றது. பலர் அதன் பயனறியாது எறிந்துவிடுகின்றனர். கரியரிற் பொருத்தும்போதும் விளக்கின் முகம் நிலத்துக்குச் செங்குத்தாக நிற்றல் வேண்டும். 5 பாகை பிசகினும் 50 மீற்றர் தூரத்தில் ஒளிமையம் நான்கு மீற்றருக்கு மேல் விலகிப்போகும்.

சிலர் சாதாரண மின்சூளை, அதாவது டோர்ச் லைற்றை, பின்புறமாகக் கட்டிச் செல்வதுண்டு. இது விளக்கில்லாமையினும் கேடானது. முன்னே வெண்மை, பின்னே செம்மை என்பதை 1968ஆம் ஆண்டு வியன்னாவில் ஆக்கப்பட்ட வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையும் வகுத்துள்ளது. வெள்ளொளியைக் காணும் சாரதி, எதிரே ஒருவர் வருவதாக மயங்குவார். அவ்வுடன்படிக்கை செந்நிற ஒளித்தெறிப்பியையும் வேண்டுகின்றது. தன்மேற் படும் ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் அச்சிறு வில்லைக்கு மின் வேண்டுவதில்லை. மின்கலம் வெறிதாகும் நாளிலும் அது தன் கடமையைச் செய்யும். புதுவிளக்குப் பூட்டியவர் பழைய தெறிப்பியைக் கழற்றிவிடலாகாது.

இனிப் பேணும் முறை. இலிதியம் அயன் கலத்தின் பகை வெப்பம். வண்டியை வெயிலில் நிறுத்துவோர் விளக்கைக் கழற்றி நிழலில் வைத்தல் வேண்டும். முற்றாக வெறிதாக்கிப் பலமாதம் போட்டுவைப்பின் கலம் மீளாது பழுதுறும். பயன்படுத்தாத காலத்தில் பாதியளவு மின்னேற்றி வைத்தல் தகும். விளக்கு ஈரமாயிருக்கும்போது மின்னேற்றுதல் கூடாது. மின்னேற்றும் துளையின் இறப்பர் மூடியை இறுக மூடிவைத்தலும் அவசியம். கலம் வீங்கித் தோன்றின் உடனே விலக்கிவிடுதல் வேண்டும். 2022இல் எரிபொருள் கிடையாது பலர் துவிச்சக்கரவண்டிக்குத் திரும்பிய அதே காலத்தில், மின்வெட்டும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. மின் உள்ளபோதே ஏற்றிவைக்கும் பழக்கத்தை அவ்வாண்டு பலருக்குக் கற்பித்தது.

இவையெல்லாம் செய்தபின்னும் ஒன்று எஞ்சியுள்ளது. ஓட்டுபவன் தன் பின்விளக்கைத் தான் காணமுடியாது என்பதே அது. ஆதலின் புறப்படுமுன் வண்டியை, ஏற்றிய பொதியோடு, நிறுத்திவைத்து ஐம்பது அடி பின்சென்று திரும்பிப் பார்த்தல் வேண்டும். ஒளி நேராகக் கண்ணில் படுகின்றதா, பொதியோ உடையோ மறைக்கின்றதா என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிடும். வழியிலே முன்செல்பவரின் விளக்கு அணைந்திருக்கக் காண்பவர் அதனைக் கூப்பிட்டுச் சொல்லுதல் கடனாகும். அவர் அதனைத் தாமாக அறியமாட்டார். பிள்ளை வகுப்புக்குப் புறப்படும் வேளையில் பெற்றோர் வாயிலில் நின்று அவ்வண்டியின் பின்புறத்தை ஒருமுறை நோக்குவாராயின், அப்பிள்ளை தன்னால் இயலாத ஒன்றை மற்றவர் கண்ணாற் பெற்றுக்கொள்கின்றது. தன் முதுகு தனக்குத் தெரியாது, பிறர்க்குத் தெரியும்.