வரிசை சரிதான், அப்புறம் ஏன் முகம் எரியுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பிய குரல் செய்தியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. இன்னும் இரண்டு மாசத்துல கல்யாணம். ஆன்லைன்ல ஐந்து பாட்டில் வாங்கியிருக்காங்க: வைட்டமின் சி செரம், நியாசினமைட், கிளைகாலிக் ஆசிட், ரெட்டினால், ஒரு சன்ஸ்கிரீன். வீடியோ பார்த்து, மெல்லிசா இருக்கிறது முதல்ல, கெட்டியா இருக்கிறது கடைசியிலன்னு வரிசை பிசகாம மூணு வாரம் போட்டிருக்காங்க. இப்போ தண்ணி பட்டாலே முகம் எரியுது. கன்னத்துல புதுசா கருமை. "அக்கா, வரிசையில நான் எங்க தப்பு பண்ணேன்?" இதுதான் கேள்வி.

வரிசையில நீங்க தப்பே பண்ணலை, தங்கச்சி. பிரச்சினை வேற இடத்துல இருக்கு. அது புரியணும்னா வரிசைன்னு ஒண்ணு எதுக்கு வந்துச்சுன்னு முதல்ல பார்த்துடலாம்.

தோலோட மேல் அடுக்கு ரொம்ப மெல்லிசு. முகத்தில் அது ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. இறந்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும், நடுவுல கொழுப்பு சாந்து மாதிரி பூசியிருக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகாமலும், வெளியே இருக்கிறது உள்ளே நுழையாமலும் பார்த்துக்கிறது இந்தச் சுவர்தான். நாம பூசுற செரம் வேலை செய்யணும்னா இதைத் தாண்டித்தான் போகணும். எண்ணெய் தேய்ச்ச தலையில தண்ணி ஊத்தினா முத்து முத்தா வழிஞ்சு ஓடிடும் இல்லையா? அதேதான் இங்கேயும். தண்ணி மாதிரி இருக்கிற செரத்தைக் கெட்டியான க்ரீமுக்கு மேல போட்டா சருமத்தை ஒழுங்கா எட்டாது. அதனாலதான் மெல்லிசு முதல்ல. மொத்த ரகசியமும் அவ்வளவுதான்.

காலையில முகம் கழுவி, ஒத்தித் துடைச்ச உடனே வைட்டமின் சி. அதுக்கு ஏன் முதல் இடம்னா, சுத்தமான அஸ்கார்பிக் ஆசிட் தோலுக்குள்ள போக நல்ல அமிலத்தன்மை வேணும், பிஹெச் 3.5-க்குக் கீழே. நம்ம தோல் சுமாரா 5-ல இருக்கு. நடுவுல வேற எதையும் வைக்காம நேரடியா படட்டும். அரை மணி நேரம் காத்திருக்கணும்னு சிலர் சொல்றாங்க. ஈரம் இழுத்துக்கிற வரைக்கும், ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ போதும். வேலைக்குக் கிளம்புற அவசரத்துல யாரால அரை மணி நேரம் நிக்க முடியும்? இன்னொண்ணு, அந்த செரம் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்துடுச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். காசு போச்சேன்னு பூசிக்காதீங்க.

நியாசினமைட் யாரோடயும் சண்டை போடாத பிள்ளை. காலையோ ராத்திரியோ, மாய்ஸ்சரைசருக்கு முன்னாடி எப்போ வேணும்னாலும் போடலாம். அதைப் பத்திப் பேச வேற எதுவும் இல்லை.

சன்ஸ்கிரீன்லதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. அது சருமப் பராமரிப்புல கடைசி, மேக்கப்புக்கு முன்னாடி. காரணம், அது தோல் மேல ஒரே சீரான படலமா நிக்கணும். அதுக்கு மேல க்ரீமோ எண்ணெயோ போட்டுத் தேய்ச்சா படலம் அங்கங்கே கலைஞ்சிடும். உள்ளங்கையில மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும் கலந்து ஒரே தடவையா பூசுறவங்களும் இருக்காங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா பாட்டில்ல போட்டிருக்கிற எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்த்து அளந்தது. கலந்து நீர்த்துப்போனா 50-ன்னு எழுதியிருக்கிறது நம்ம முகத்துல 50 கிடையாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டோட நீளத்துக்கும் பிதுக்கினா முகத்துக்கும் கழுத்துக்கும் சுமாரா அந்த அளவு வந்துடும். வெயில்ல இருந்தா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடணும். ஜன்னலோர சீட்ல வேலை பார்க்கிறவங்களுக்கும் இது தேவை, ஏன்னா யுவிஏ கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். மே மாச வியர்வையில மாய்ஸ்சரைசர் மேல சன்ஸ்கிரீனும் போட்டா முகம் பிசுபிசுன்னு இருக்குன்னு நினைக்கிற எண்ணெய்ப் பசைக்காரங்க, மாய்ஸ்சரைசரை விட்டுட்டு சன்ஸ்கிரீன் மட்டும் போடுங்க. ஒண்ணும் ஆகாது.

ராத்திரிக் கதை வேற. முதல்ல பகல்ல பூசின சன்ஸ்கிரீன் முழுசா போகணும். அப்புறம் ரெட்டினால். தோல் நல்லா காஞ்சிருக்கணும், ஈரத்துல போட்டா எரிச்சல் கூடும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும், அதுவும் ஆரம்பத்துல வாரத்துக்கு இரண்டு ராத்திரிதான். புதுசா ஆரம்பிக்கிறவங்களை மாய்ஸ்சரைசரை முதல்ல பூசிட்டு, அதுக்கு மேல ரெட்டினாலைப் போடச் சொல்றாங்க. கவனிச்சீங்களா? இங்கே வரிசையே தலைகீழாகுது. வேணும்னேதான். மருந்தோட வேகத்தைக் குறைக்கிறதுக்கு. அதனால மெல்லிசு முதல்லங்கிறது ஒரு வழிகாட்டிதான், சட்டம் இல்லை.

இப்போ அந்தத் தங்கச்சியோட எரிச்சலுக்கு வருவோம். கிளைகாலிக் ஆசிட் அந்தச் செங்கல்களைப் பிடிச்சிருக்கிற கட்டைத் தளர்த்தும். ரெட்டினால் ஆரம்ப வாரங்கள்ல தோலை உலரவைக்கும், உரிக்கும். காலையில வைட்டமின் சி, அதுவும் அமிலம். மூணையும் தினமும், ஒரே வாரத்துல ஆரம்பிச்சா எந்த வரிசையில போட்டாலும் சுவர் இடியத்தான் செய்யும். ஐந்து பாட்டில் பட்டியல்ல மாய்ஸ்சரைசர் இல்லைங்கிறதையும் கவனிச்சேன். இடிக்கிற ஆள் மூணு பேர், பூசுற ஆள் ஒருத்தர்கூட இல்லை.

கருமை ஏன் வந்துச்சு? நம்ம மாதிரி மாநிறத்துக்கும் கருத்த நிறத்துக்கும் இது முக்கியம். தோல்ல எங்கே அழற்சி வந்தாலும், அங்கே இருக்கிற நிறமிச் செல்கள் கூடுதலா மெலனின் சுரக்கும். வெளுத்த தோல்ல எரிச்சல் சிவந்து அடங்கிடும். நமக்கு அது கறுப்பா தங்கிடும், மறைய மாசக்கணக்கு ஆகும். கருமையைப் போக்கப் பூசினதே கருமையைக் கொண்டுவந்த கதை இதுதான்.

இந்த இடத்துல பயத்துல செய்ற தப்பு ஒண்ணு இருக்கு, அதை நானே செஞ்சிருக்கேன். கல்லூரி நாள்ல பருத்தழும்புக்கு மருந்துக் கடையில கேட்டேன், ஒரு சின்ன ட்யூப் கொடுத்தாங்க. பத்தே நாள்ல முகம் பளிச். ஆறு மாசம் விடாம போட்டேன். நிறுத்தினதும் செக்கச்செவேல்னு ஆகி, முன்னைவிட அதிகமா பரு. தோல் மருத்துவர் ட்யூபைத் திருப்பிப் படிச்சுக் காட்டினப்புறம்தான் அதில ஸ்டீராய்டு இருக்குன்னே தெரியும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு கொண்டுவந்துச்சு. அதனால யார் என்ன ட்யூப் கொடுத்தாலும் பின்பக்கம் பாருங்க. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல்னு பெயர் இருந்தா மருத்துவர் சொல்லாம முகத்துக்குக் கொண்டுபோகாதீங்க. ஏற்கனவே மாசக்கணக்கா போட்டுட்டிருந்தா திடீர்னு நிறுத்தாம, எப்படி விடறதுன்னு அவங்ககிட்டயே கேளுங்க.

சரி, தங்கச்சி, இன்னைக்கு ராத்திரியிலிருந்து செரம் எல்லாத்தையும் அலமாரியில வச்சிடுங்க. மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், காலையில சன்ஸ்கிரீன். இவ்வளவுதான், குறைஞ்சது நாலு வாரம். சன்ஸ்கிரீனே எரிஞ்சா ஜிங்க் ஆக்சைடு இருக்கிறதா பார்த்து மாத்துங்க, தொப்பி, குடை பயன்படுத்துங்க. ஒரு வாரத்துல எரிச்சல் அடங்கலைன்னா தோல் மருத்துவரைப் பாருங்க. எரிச்சல் போயிடும், ஆனா கருமை கல்யாணத்துக்குள்ள முழுசா போயிடும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. அன்னைக்கு மேக்கப்காரங்க பார்த்துப்பாங்க. தயவுசெய்து இந்த இரண்டு மாசத்துல புதுசா ஃபேஷியல், பீல் எதுவும் வேண்டாம். கல்யாணத்துக்கு அப்புறம் குழந்தைக்குத் திட்டமிட்டா ரெட்டினாலைத் தொடாதீங்க, கர்ப்ப காலத்துல அதைத் தவிர்க்கத்தான் சொல்றாங்க.

திரும்ப ஆரம்பிக்கிறப்போ ஒண்ணே ஒண்ணு. அதைச் சில வாரம் பார்த்துட்டு அடுத்தது. ஆசிடும் ரெட்டினாலும் ஒரே ராத்திரியில வேண்டாம்.

கடைசியா, தேங்காய் எண்ணெய் எந்த இடத்துல வரும்னு மூணு பேர் கேட்டிருந்தாங்க. கை, காலுக்கு ராத்திரி எல்லாத்துக்கும் கடைசியா, தாராளமா. பரு வர்ற முகத்துக்கு அது வரிசையிலேயே வராது.

அடுத்த வாரம் பொடுகு. கேள்வி இருந்தா குரல் செய்தியா அனுப்புங்க.