படத்தைக் காக்கும் கட்டுரு

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகச் செல்பவர் தரமணியை அடையும்போது இருவகை நூலகங்களின் அருகே வந்து சேர்கிறார். ஒன்று, பழந்தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் காத்துவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மற்றொன்று, சுற்றியுள்ள மென்பொருள் நிறுவனங்களின் கணினிகளுக்குள் இயங்கும் நிரல் நூலகம். முன்னது கண்ணுக்குத் தெரியும், பின்னது தெரியாது. ஆனால், முன்னதில் உள்ள ஒரு பக்கம் படக்கோப்பாக மாறும்போது, பின்னதன் துணையின்றி அதை எவராலும் படிக்க இயலாது. அந்த நிரல் நூலகத்தின் அடித்தளமாக அமைவது, சி மொழியில் வரையறுக்கப்படும் கட்டுரு ஆகும்.

காகிதத்திலிருந்து கோப்புக்கு

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். நூல்கள்மீது கொண்ட பற்றினால் அரிய தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாள் முழுவதும் தேடித் தொகுத்தார். 1992-இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைக் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் இந்நூலகம் நிறுவப்பட்டது.

பழைய அச்சுக் காகிதத்தில் உள்ள அமிலம் அதனைப் பழுப்பாக்கி, நொறுங்கச் செய்கிறது. ஆகவே, நூல்களை நுண்படச்சுருளில் பதிவுசெய்யும் பணி அங்கு மேற்கொள்ளப்பட்டது; பின்னர் எண்மியப் பதிவும் இடம்பெற்றது. இவ்விரண்டிற்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. நுண்படச்சுருளைப் படிக்க ஒளியும் உருப்பெருக்கியும் போதும். நூறாண்டு கழித்து அதனைக் கையில் எடுப்பவரும் எழுத்துகளைக் கண்டுவிடுவார். படக்கோப்போ வெறும் எண்களின் நீண்ட வரிசை. அவ்வெண்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறியாதவருக்கு அதில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை.

எண்களும் அவற்றின் ஒழுங்கும்

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அளவில் வருடினால், 2480 புள்ளி அகலமும் 3508 புள்ளி உயரமும் கொண்ட படம் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் தேவை. மொத்தம் 2,60,99,520 பைட்டுகள்.

இந்தப் பைட்டுகள் மட்டும் ஒருவரிடம் தரப்பட்டால் அவர் என்ன செய்வார்? அகலம் 2480 ஆகவும் இருக்கலாம். 3508 ஆகவும் இருக்கலாம். மூன்று பைட்டுகள் சேர்ந்து ஒரு வண்ணப்புள்ளியைக் குறிக்கலாம். ஒவ்வொரு பைட்டும் தனித்தனிச் சாம்பல்நிறப் புள்ளியைக் குறிக்கலாம். எது சரி என்பதை அந்தப் பைட்டுகள் தாமே சொல்வதில்லை.

ஓலைச்சுவடியை ஆண்டோர் இந்த இடரை நன்கு அறிந்திருந்தனர். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினால் நூல் குலைந்துவிடும் என்பதனால், ஏட்டின் ஓரத்தில் ஏட்டெண்ணைத் தமிழ் எண்களில் பொறித்தனர். அவ்வெண் நூலின் பாடம் அன்று; பாடத்தை வரிசைப்படுத்தும் குறிப்பு. படக்கோப்பிலும் புள்ளிகளுக்கு முன்னே அத்தகைய குறிப்புகள் இடம்பெறுகின்றன. அப்பகுதி தலைப்பகுதி எனப்படும்.

கட்டுருவின் உறுப்புகள்

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி, வெவ்வேறு தரவினங்களைச் சேர்ந்த மாறிகளை ஒரே பெயரின்கீழ்த் தொகுக்கும் வசதியைத் தருகிறது. அத்தொகுப்பே கட்டுரு. ஒரு படத்தைக் குறிக்கும் கட்டுருவில் குறைந்தது ஐந்து உறுப்புகள் இருத்தல் வேண்டும்: அகலம், உயரம், ஒரு புள்ளிக்குரிய பைட்டுகளின் எண்ணிக்கை, ஒரு வரியின் நீளம், புள்ளிகள் தொடங்கும் நினைவக முகவரி.

இவற்றுள் முதல் மூன்றின் தேவை வெளிப்படை. ஐந்தாவது உறுப்பு ஒரு சுட்டு ஆகும். படத்தின் அளவு கோப்புக்குக் கோப்பு மாறுபடுவதால், புள்ளிகளைக் கட்டுருவுக்குள்ளேயே நிலையான அளவுள்ள அணியாக வைத்தல் பொருந்தாது. கோப்பைத் திறந்து அளவை அறிந்தபின், தேவையான நினைவகத்தைப் பெற்று, அதன் முகவரியைச் சுட்டில் இருத்துவதே முறை.

நான்காவது உறுப்பான வரிநீளம் சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். அகலத்தைப் புள்ளியின் பைட்டுகளால் பெருக்கினால் வரிநீளம் கிடைத்துவிடாதா? எப்பொழுதும் கிடைப்பதில்லை. ‘பிஎம்பி’ வகைக் கோப்பில் ஒவ்வொரு வரியும் நான்கின் மடங்காக முடிதல் வேண்டும் என்பது விதி. ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுள்ள ஓர் ஓலை, 4725 புள்ளி அகலமும் 413 புள்ளி உயரமும் உள்ள படமாகப் பதிவாவதாகக் கொள்ளலாம். ஒரு வரிக்கு 14,175 பைட்டுகள். இது நான்கின் மடங்கன்று. ஆகவே, கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு வெற்றுப் பைட் சேர்க்கப்பட்டு, வரிநீளம் 14,176 ஆகும்.

இந்த ஒரு பைட்டைக் கருதாத நிரல், ஒவ்வொரு வரியையும் முந்தைய வரியைவிட ஒரு பைட் கூடுதலாகப் பிறழ்ந்து படிக்கும். கடைசி வரியில் பிறழ்வு 412 பைட்டுகள். அதாவது ஏறத்தாழ 137 புள்ளிகள். எழுத்துகள் சாய்ந்து சிதையும். வண்ணங்களும் இடம் மாறும். பைட் ஒன்றும் அழியவில்லை. ஓலையில் உள்ளது யாவும் கோப்பில் இருக்கிறது. ஆயினும் படிக்க முடிவதில்லை. கட்டுருவில் வரிநீளம் தனி உறுப்பாக இருந்தால் இக்குறை நேராது. வரி எண்ணை வரிநீளத்தாலும், நிரல் எண்ணைப் புள்ளியின் பைட்டுகளாலும் பெருக்கிக் கூட்டினால் எந்தப் புள்ளியின் இடமும் பிழையின்றிக் கிடைக்கும்.

கோப்பும் நினைவகமும்

கோப்பின் தலைப்பகுதியைப் போன்றே ஒரு கட்டுருவை வரையறுத்து, கோப்பிலிருந்து ஒரே மூச்சில் அதற்குள் படித்துவிடலாம் எனப் புதிதாக நிரல் எழுதுவோர் கருதுவதுண்டு. இங்கு இரண்டு இடர்கள் உள்ளன.

முதலாவது இடைவெளி. பிஎம்பி கோப்பின் முதல் தலைப்பகுதி 14 பைட்டுகள் கொண்டது. இரண்டு பைட் அடையாளக்குறி, நான்கு பைட் கோப்பளவு, இரண்டு பைட் ஒதுக்கீடுகள் இரண்டு, புள்ளிகள் தொடங்கும் இடத்தைக் காட்டும் நான்கு பைட் எண் என்பன அதன் வரிசை. இதே வரிசையில் சி மொழியில் கட்டுரு அமைத்தால், நிரல்பெயர்ப்பி பெரும்பாலும் அதனை 16 பைட்டுகளாக ஆக்கும். நான்கு பைட் எண்கள் நான்கின் மடங்கான முகவரியில் இருந்தால் செயலி அவற்றை எளிதில் எடுக்கும் என்பதனால், அடையாளக்குறிக்குப் பின் இரண்டு பைட் இடைவெளியை அது சேர்க்கிறது. அதன்பின் வரும் உறுப்புகள் யாவும் தவறான மதிப்பைப் பெறுகின்றன.

இரண்டாவது பைட்டுகளின் வரிசை. 2480 என்னும் எண்ணை இரு பைட்டுகளில் எழுதினால் அவை 9, 176 ஆகும். ஒன்பதை 256-ஆல் பெருக்கி 176-ஐக் கூட்ட 2480 வரும். சில கணினிகள் சிறிய பகுதியான 176-ஐ முதலிலும், சில கணினிகள் பெரிய பகுதியான 9-ஐ முதலிலும் இருத்துகின்றன. வரிசையை மாற்றிப் படித்தால், 2480 புள்ளி அகலமுள்ள பக்கம் 45,065 புள்ளி அகலம் உடையதாகிவிடும்.

எனவே, கோப்பில் உள்ள அமைப்பு வேறு, நினைவகத்தில் உள்ள கட்டுரு வேறு என்னும் தெளிவு வேண்டும். கோப்பிலிருந்து பைட் பைட்டாகப் படித்து, கோப்பின் விதிப்படி எண்களை ஆக்கி, கட்டுருவின் உறுப்புகளில் ஒவ்வொன்றாக நிரப்புவதே பாதுகாப்பான வழி. அவ்வாறு எழுதப்பட்ட நிரல் எந்தக் கணினியிலும் ஒரே விடையைத் தரும்.

வளர இடம் தரும் அமைப்பு

ஆவணக் காப்பகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் படவகை ‘டிஃப்’. ஆல்டஸ் நிறுவனம் 1986-இல் இதனை வெளியிட்டது. இக்கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளே எண்கள் எவ்வரிசையில் எழுதப்பட்டுள்ளன என்பதை அறிவித்துவிடுகின்றன. அடுத்து 42 என்னும் எண் அடையாளமாக வரும். அதன்பின் குறிப்புப் பட்டியல் இருக்கும் இடம் சுட்டப்படும்.

பட்டியலின் ஒவ்வொரு பதிவும் 12 பைட்டுகள் கொண்டது. குறிப்பெண், தரவினம், எண்ணிக்கை, மதிப்பு அல்லது மதிப்பு இருக்கும் இடம் என்னும் நான்கும் அதில் அடங்கும். 256 என்னும் குறிப்பெண் அகலத்தையும், 257 உயரத்தையும், 270 படத்தைப் பற்றிய விளக்கத்தையும் குறிக்கும். நூலின் பெயரையும் பக்க எண்ணையும் விளக்கமாக எழுதிவைத்தால், அவை படத்தைவிட்டுப் பிரிவதில்லை. தனக்குத் தெரியாத குறிப்பெண்ணைக் காணும் நிரல், அந்தப் பன்னிரண்டு பைட்டுகளைக் கடந்து அடுத்த பதிவுக்குச் செல்லலாம். இதனால், புதிய குறிப்புகள் சேர்ந்த கோப்பையும் பழைய நிரல்கள் பெரும்பாலும் படிக்க முடிகிறது.

தெரிந்து தெளிவோம்
டிஃப் கோப்பில் இடங்களைச் சுட்டும் எண்கள் நான்கு பைட்டுகள் கொண்டவை. ஆகவே, ஏறத்தாழ 429 கோடி பைட்டுகளுக்கு அப்பால் உள்ள இடத்தை அவற்றால் சுட்ட இயலாது. இத்தடையை நீக்கப் பின்னாளில் வகுக்கப்பட்ட ‘பிக்டிஃப்’ வகை, எட்டு பைட் எண்களைப் பயன்படுத்துகிறது. அதன் அடையாள எண் 42 அன்று, 43.

நம்புமுன் சோதித்தல்

கோப்பு கூறும் அளவுகளை நிரல் நூலகம் அப்படியே நம்புதல் ஆகாது. அகலம் 65,536, உயரம் 65,536 என ஒரு கோப்பு கூறுவதாகக் கொள்வோம். இவற்றின் பெருக்கற்பலன் 32 பிட் எண்ணில் அடங்காது; எஞ்சி நிற்பது சுழியமே. சுழிய அளவுள்ள நினைவகத்தைப் பெற்றுக்கொண்டு அதில் புள்ளிகளை எழுதத் தொடங்கும் நிரல், பிற தரவுகளின் மேலும் எழுதிவிடும். தீய நோக்குடையோர் கணினிக்குள் நுழைவதற்கு இத்தகைய பிழைகள் வழியாகின்றன. ஆகவே, பெருக்குவதற்கு முன்பே விடை எல்லைக்குள் அடங்குமா எனச் சோதித்தல் இன்றியமையாதது. பெற்ற நினைவகத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருக்கு உரியது என்பதும் முன்னரே வரையறுக்கப்பட வேண்டும். கட்டுருவை உருவாக்கும் செயற்கூறு ஒன்றையும், அதனை விடுவிக்கும் செயற்கூறு ஒன்றையும் நூலகமே இணையாக வழங்குவது நல்ல மரபு.

மறைத்தலின் பயன்

‘பிஎன்ஜி’ வகைப் படங்களுக்கான லிப்பிஎன்ஜி நூலகம் 1995-இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் கட்டுருக்களின் உறுப்புகளைப் பயனர் நிரல்கள் நேரடியாகத் தொட முடிந்தது. அவ்வாறு தொட்ட நிரல்கள், உறுப்புகளின் இடத்தையும் அளவையும் சார்ந்திருந்தன. நூலகம் ஓர் உறுப்பைச் சேர்த்தாலோ இடம் மாற்றினாலோ, முன்பே தொகுக்கப்பட்ட நிரல்கள் பழுதுறும் நிலை எழுந்தது. ஆகவே, 2011-இல் வெளியான 1.5 பதிப்பில் கட்டுருக்களின் உள்ளமைப்பு மறைக்கப்பட்டது. பயனருக்குச் சுட்டு மட்டும் தரப்பட்டது. அகலமோ உயரமோ வேண்டுமெனில், அதற்குரிய செயற்கூற்றைக் கேட்டுப் பெற வேண்டும். வெளியே தரும் வாக்குறுதி சிறியதாக இருந்தால், உள்ளே திருத்துவதற்கு உரிமை மிகுதியாக இருக்கும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நிறைவாக

ஏட்டெண்ணைப் பொறித்தவர், தாம் அறியாத ஒருவர் பின்னொரு நாளில் அவ்வேட்டைப் பிரிப்பார் என எண்ணியே பொறித்தார். படக்கோப்புக்குக் கட்டுரு வரையறுப்பவரின் பணியும் அத்தகையதே. தரமணியின் பேழைகளில் உள்ள காகிதம் ஒருநாள் நொறுங்கக்கூடும். அதன்பின் அந்நூலைக் காண விரும்பும் மாணவருக்கு எஞ்சுவது, கோப்பில் உள்ள எண்களும் அவற்றின் ஒழுங்கை உரைக்கும் சில பைட்டுகளும் மட்டுமே. எண்களைச் சேமிப்பது பாதிக் காப்பு. அவற்றைப் படிக்கும் முறையையும் தெளிவுற வரையறுத்து வைக்கும்போதுதான் அக்காப்பு முழுமை பெறுகிறது.