சென்ட்ரல் சுரங்க நிலையம்: எந்த வாசலால் ஏறுவது?

சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகும் நம் வியாபாரிகள் புடவைக்கும் ரெடிமேட் உடுப்புக்கும் மணிக்கணக்கில் பேரம் பேசுவார்கள். வீணாகும் நேரத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், 2013 பெருநாள் சீசன் வரை.

அந்த முறை மண்ணடியில் சரக்கைக் கட்டி அனுப்பிவிட்டு, விமான நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். சுரங்க ரயிலுக்காக அண்ணா சாலையைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. நான் போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. புது டிக்கட், இன்னொரு நாள் லாட்ஜ் வாடகை என்று அந்தப் பயணத்தின் இலாபத்தில் பெரும்பங்கு கரைந்து போனது.

எந்தத் தோண்டல் என் பணத்தை விழுங்கியதோ, அதன் பலனையும் பின்னர் நானே அனுபவித்தேன். 2018 மே 25இல் சென்ட்ரல் சுரங்க நிலையத்துக்குப் பச்சைப் பாதை வந்தது. 2019 பெப்ரவரி 10இல் நீலப் பாதை விமான நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை முழுமையானது. இரண்டு பாதைகளும் சென்ட்ரலில் சந்திக்கின்றன. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தட்டுகளில் ரயில்கள் ஓடுகின்றன. ஆகக்கூடிய கட்டணம் 70 ரூபாவாக இருந்து, 2021 பெப்ரவரியில் 50 ரூபாவாகக் குறைக்கப்பட்டது.

வியாபாரிக்கு முக்கியமானவை இந்த நிலையத்தின் தொடர்புகள். விமான நிலையத்தில் நீலப் பாதையில் ஏறினால், சென்ட்ரலைத் தாண்டி அடுத்த நிலையம் உயர் நீதிமன்றம், அதற்கடுத்தது மண்ணடி. பாரிமுனைக்கும் பர்மா பஜாருக்கும் போகிறவர் உயர் நீதிமன்றத்தில் இறங்கி நடக்கலாம். எழும்பூர் போக வேண்டுமானால் சென்ட்ரலில் பச்சைப் பாதைக்கு மாறலாம். ஒரே ஒரு நிலையம்தான். தி.நகர் போகிறவர் சுரங்க நடைபாதையால் வீதியின் மறுபக்கம் ஏறி, பூங்கா நிலையத்தில் தாம்பரம் போகும் மின்சார ரயிலைப் பிடித்து மாம்பலத்தில் இறங்கினால், எதிரே ரங்கநாதன் தெரு. வாசல் மாறி ஏறிவிட்டால் வெயிலில் பெரிய வீதியைக் கடக்க வேண்டி வரும். முதல் தடவை எனக்கு நடந்தது அதுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது ஆள் போகும் ரயில், சரக்குப் போகும் ரயில் அல்ல. வாசலிலேயே பைகளை இயந்திரத்தில் வைத்துச் சோதிப்பார்கள். கைப்பையோடு போங்கள், மூட்டையை லொறிக்காரரிடம் விடுங்கள்.

அண்ணா சாலையில் பயணப் பைகள் விற்ற ஒருவரை எனக்குத் தெரியும். கடை வாசலை மறைத்துத் தகர வேலி அடித்தார்கள். வாடிக்கையாளர் வருவது நின்றது, வாடகை நிற்கவில்லை. மூன்று வருடம் தாக்குப்பிடித்தவர் கடைசியில் கடையைக் கைமாற்றிவிட்டு ஊருக்குப் போனார். பின்னர் நிலையத்தின் வாசல் திறந்தது, அந்தக் கடையிலிருந்து நாலு எட்டுத் தூரத்தில். இப்போது அங்கே வேறொருவர் நல்ல வியாபாரம் செய்கிறார்.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நான் தவறவிட்ட விமானம் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. அவருடைய இடம் சரியாகத்தான் இருந்தது, காத்திருக்கக் கையில் முதல்தான் இருக்கவில்லை. கொழும்பு இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. ஆனாலும் வீதி அகலிப்பு, பாலம், பஸ் நிலையம் என்று ஏதோவொரு வேலை என்றைக்காவது நம் கடைக்கு முன்னாலும் வரும். அப்போது இரண்டு கேள்விகளைக் கேட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் சனம் எந்தப் பக்கத்தால் வரும்? அதுவரை வாடகை கட்ட என்னிடம் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது?