கல்லமேட்டு ஆமை எந்தப் பக்கம் கழுத்தை மடித்தது?

குளத்தங்கரையில் வெயில் காயும் ஆமையைக் குச்சியால் தொட்டால் தலை நேராக உள்ளே போய்விடும். ஓட்டுக்குள் அதன் கழுத்து மேலும் கீழுமாக வளைந்து மடிந்துகொள்கிறது. ஆமையைப் போல் அடங்கு என்று சொல்லியே பழகிய நமக்கு ஆமை என்றால் இதுதான்.

தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் ஆறு குளங்களில் இன்னொரு ரகம் உண்டு. அது தலையை உள்ளே இழுக்காது. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டின் விளிம்புக்கு அடியில் செருகிக்கொள்ளும். இன்றைய இந்தியாவில் இயற்கையாக இந்த ரகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அரியலூரில் இருந்தது.

மண்டை ஓட்டில் ஒரு கப்பி

அரியலூர் என்றதும் சுண்ணாம்புக்கல்லும் நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகளும்தான் நினைவுக்கு வரும். அவை கடல் விட்டுச் சென்றவை. கல்லமேடு பகுதியின் மண்ணும் மணற்கல்லும் அப்படியல்ல. அங்கே படிந்திருப்பது ஆற்று வண்டல். டைனோசர்களின் கடைசிக் காலத்தில், இன்றைக்குச் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது.

இந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது பிருஹத்காயோசாரஸ் என்ற ராட்சத டைனோசர். 1980களில் அதன் எலும்புகளைப் பற்றிய தகவல் வெளியானது. ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. அது எவ்வளவு பெரியது என்பது இன்றும் வாதமாகவே இருக்கிறது. அதே மண்ணில் கிடைத்த ஆமையோ, அளவில் சிறியதானாலும் தெளிவாகப் பேசுகிறது.

2001இல் யூஜின் காஃப்னி, சங்கர் சாட்டர்ஜி, திரஜ் ருத்ரா ஆகிய மூவரும் அதை விவரித்து 'கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். கூர்மம் திருமாலின் அவதாரம். எமிஸ் என்றால் கிரேக்கத்தில் ஆமை. மிச்சம் ஊரின் பெயர்.

அது கழுத்தைப் பக்கவாட்டில் மடித்தது என்று எப்படித் தெரியும்? மண்டை ஓடே போதும். ஆமையின் தாடையை இழுக்கும் தசைநார், கிணற்றுக் கயிறு கப்பியில் திரும்புவதுபோல, ஓர் எலும்புப் புடைப்பின் மேல் திரும்பிச் செல்கிறது. தலையை உள்ளிழுக்கும் ஆமைகளில் இந்தக் கப்பி காதுப் பகுதியில் இருக்கும். பக்கவாட்டில் மடிப்பவற்றில் அது மேலண்ணத்தை ஒட்டிய எலும்பில் இருக்கும். கழுத்தெலும்பு ஒன்றும் கிடைக்காவிட்டாலும், மண்டையைப் பார்த்தே இது எந்த வம்சம் என்று சொல்லிவிடலாம்.

கடலுக்கு அப்பால் சொந்தம்

கூர்மடெமிஸின் நெருங்கிய உறவுகளைத் தேடினால் முதலில் கிடைப்பது மும்பையின் எரிமலைப் பாறைகளுக்கு இடையே புதைந்திருந்த சங்குசெமிஸ். அடுத்தது 2009இல் விவரிக்கப்பட்ட கிங்கோனிகெலிஸ். அது கிடைத்த இடம் மடகாஸ்கர்.

கல்லமேட்டு மண்ணைக் கழுவிச் சலித்து 2013இல் முடிவுகளை வெளியிட்ட ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினரும் இதே திசையைக் காட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்த முதலைப் பற்கள், மடகாஸ்கரின் சைமோசூகஸ் பற்களை ஒத்திருந்தன. சைமோசூகஸ் வழக்கமான முதலை அல்ல. மொட்டை மூக்கும், கிராம்பு போன்ற பற்களும் கொண்டது. இலை தழை தின்றிருக்கக்கூடியது.

இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். கல்லமேட்டு ஆமை வாழ்ந்த காலத்தில் நடுவே கடல் விரிந்து ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பிறகும் சொந்தம் தெரிகிறது. பாகம் பிரிந்து வேறு வீட்டுக்குப் போன அண்ணன் தம்பிகளின் பேரப் பிள்ளைகளிடம் ஒரே முகச்சாயல் தெரிவதில்லையா, அப்படி.

தவளை ஏன் நல்ல சாட்சி?

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி எழும். ஆமைக்குத்தான் நீந்தத் தெரியுமே, கடலைத் தாண்டி வந்திருக்கலாமே? நியாயமான கேள்வி. கூர்மடெமிஸ் சேர்ந்த பெருங்குடும்பத்தில் கடல்நீரில் வாழ்ந்த ஆமைகளும் உண்டு. ஆகவே ஒரே ஓர் ஆமையை வைத்து நிலப்படம் வரைய முடியாது. முதலை, பாம்பு, தவளை என்று பல சாட்சிகளையும் சேர்த்து விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அவற்றில் தவளையின் சாட்சிக்கு எடை அதிகம். அதன் ஈரத் தோல் வழியே நீரும் உப்பும் ஊடுருவும். உப்புக்கடல் அதற்கு எமன். தவளைக் குடும்பம் ஒன்று இரு நிலங்களில் இருந்தால், அவை முன்பு ஒட்டியிருந்தன என்ற எண்ணம் வலுப்படும். மும்பை வொர்லியில் கிடைத்த சின்னஞ்சிறு தவளைப் படிவங்களுக்கு 1847இல் ரிச்சர்ட் ஓவன், நமக்குப் பழக்கமான 'ரானா' பேரினத்தின் பெயரையே வைத்தார். 1930இல் ஜி.கே. நோபிள் அதைப் பிரித்து 'இந்தோபட்ராகஸ்' ஆக்கி, ஆஸ்திரேலியத் தவளைகளோடு உறவு பேசினார்.

உயிரோடு இருக்கும் சாட்சியும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்கு மட்டும் வெளியே வரும் ஊதா நிறத் தவளையை 2003இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசைட்டும் அறிவித்தார்கள். அதன் நெருங்கிய சொந்தம் இருப்பது சீஷெல்ஸ் தீவுகளில்.

பாம்பின் உடம்பே வெப்பமானி

நிலம் மட்டுமல்ல, வெயிலும் இந்த எலும்புகளில் பதிவாகியிருக்கிறது. பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறத்திடம் வாங்குகிறது. குளிர்ந்த நாட்டில் மிகப் பெரிய பாம்பு வளர்வது கடினம். கட்ச் பகுதியின் பனந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முதுகெலும்புகளைக் கொண்டு, 2024இல் தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் 'வாசுகி இண்டிகஸ்' பாம்பை விவரித்தார்கள். வாழ்ந்தது சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன். நீளம் ஏறத்தாழ 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாம் என்பது கணிப்பு. அந்த உடம்புக்குத் தேவையான ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 28 டிகிரி செல்சியஸ் என்று கணக்கிட்டார்கள். அது சேர்ந்த மாட்சோயிட் குடும்பத்தின் எலும்புகள் மடகாஸ்கரிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கின்றன.

அரியலூர்க் குளத்தில் இன்று வெயில் காயும் ஆமைக்குச் சொந்தங்கள் ஆசியாவெங்கும் இருக்கின்றன. அதே மாவட்டத்து மண்ணுக்கடியில் கிடக்கும் ஆமைக்கு மடகாஸ்கரில் இருந்தன. அதே வட்டாரம்தான், அதே ஓட்டு வீடுதான்; குடியிருப்பவர் மட்டும் வேறு வம்சம். தலை எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.